பலிகடா வாயைத் திறந்தால்: ஜான் டீன் கதை

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒண்ணு என்னை ரெண்டு நாள் யோசிக்க வெச்சுது. கேள்வி இதுதான்: "பெரிய அரசியல் வழக்கு எதை எடுத்தாலும், கடைசியில உள்ள இருந்தே ஒருத்தர் அப்ரூவர் ஆயிடறார். அத்தனை வருஷம் விசுவாசமா இருந்த ஆளுக்கு திடீர்னு மனசாட்சி எங்கேர்ந்து வருது?"

பெரும்பாலும் மனசாட்சியில் இருந்து வருவதில்லை என்பது என் அபிப்பிராயம். அவர் கையில் யாராவது ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து "என்ன நடந்துச்சுன்னு நீயே எழுது" என்று சொல்லியிருப்பார்கள். அங்கேதான் ஆரம்பிக்கும். எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டீங்கன்னா, என் கையிலும் ஒரு தடவை அப்படி ஒரு தாளைக் கொடுத்திருக்காங்க.

முதல் வேலை. சேர்ந்து பதினோரு மாசம். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ் போட்டோம், கிளையன்ட்டோட சிஸ்டம் விடியவிடிய படுத்துடுச்சு. ரோல்பேக் ஸ்கிரிப்டை யாரும் டெஸ்ட் பண்ணலைன்னு நான் முன்னாடியே சாட்ல எழுதியிருந்தேன். "பரவால்ல, போ" என்று பதிலும் வந்திருந்தது. திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, ரொம்ப அன்பாக, "உனக்குத்தான் முழு விவரமும் தெரியும், ஆர்.சி.ஏ. டாக்குமென்ட்டை நீயே எழுதிடு" என்றார்கள். ஐ.டி.யில் இல்லாதவங்களுக்கு: தப்பு எதனால நடந்துச்சுன்னு கிளையன்ட்டுக்குக் கொடுக்கிற அறிக்கை அது. பெருமையாகத்தான் இருந்தது, எழுதினேன். கிளையன்ட் கால்ல ஸ்கிரீன்ல அதைப் பார்த்தபோது என் அறிக்கையில் இருந்து மூணு பாரா காணாமல் போயிருந்தது. "மனிதத் தவறு" என்று ஒரு வரி புதுசாக முளைத்திருந்தது. மனிதன் நான்தான்.

அந்தக் கதையை அப்புறம் முடிக்கிறேன். இதே அனுபவம் 1973-ல் அமெரிக்க அதிபரின் வக்கீலுக்கும் நடந்தது. அவர் பெயர் ஜான் டீன்.

வாட்டர்கேட் பற்றி நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, அதனால முன்கதையை வேகமா ஓட்டிடறேன். 1972 ஜூன் 17. வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டிட வளாகத்தில் ஜனநாயகக் கட்சியின் தேசிய அலுவலகம் இருந்தது. அங்கே நள்ளிரவில் புகுந்த ஐந்து பேர் கைதானார்கள். கதவின் பூட்டில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்து சந்தேகப்பட்டு போலீசைக் கூப்பிட்டவர் ஃபிராங்க் வில்ஸ் என்ற காவலாளி. ஐந்து பேரில் ஒருவர் ஜேம்ஸ் மெக்கார்ட். சி.ஐ.ஏ.வில் இருந்து ஓய்வு பெற்று, அதிபர் நிக்சனின் மறுதேர்தல் கமிட்டியில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர். இவர்களை அனுப்பியவர்கள் கார்டன் லிடி, ஹோவர்ட் ஹன்ட் என்ற இருவர். ரெண்டு பேருமே வெள்ளை மாளிகையில் வேலை பார்த்தவர்கள்.

திருட்டைப் பற்றி இன்னிக்குப் பேசப் போறதில்ல. திருட்டை மூடி மறைத்தார்களே, அந்த வேலையை ஒரு ப்ராஜெக்ட் மாதிரி தினம் தினம் நடத்தினது யாருங்கறதுதான் விஷயம்.

டீன் 1970 ஜூலையில் வெள்ளை மாளிகைச் சட்ட ஆலோசகராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 31. பதவியின் பெயர் பெரிசு. நடைமுறையில் அதிபரின் முகத்தையே அடிக்கடி பார்க்காத பதவி. மேலே ஹால்டெமன், எர்லிக்மன் என்ற இரண்டு பேர், நிக்சனைச் சுற்றி மதில் மாதிரி. அவர்கள் சொல்வதைச் செய்து முடிக்கிற ஆள் டீன். நம்ம ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார்: மேனேஜர் "பாத்துக்கோ" என்பார், அவர் பார்த்துக்கொள்வார். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் அந்த ஏற்பாட்டின் வசதியே.

கைது நடந்த நேரத்தில் டீன் பிலிப்பைன்ஸ் போயிருந்தார். அதனால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வருஷம் ஜனவரியிலும் பிப்ரவரியிலும், அட்டர்னி ஜெனரல் ஜான் மிட்செலின் அலுவலகத்திலேயே, லிடி தன் உளவுத் திட்டத்தை விளக்கிய இரண்டு கூட்டங்களில் டீன் உட்கார்ந்திருந்தார். முதலில் 10 லட்சம் டாலர் பட்ஜெட், அப்புறம் பாதியாக வெட்டி 5 லட்சம். நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரி அறையில் குற்றத்துக்கு பட்ஜெட் மீட்டிங்! இதை நான் ஒவ்வொரு தடவை படிக்கிறப்பவும் ஒரு நிமிஷம் நிறுத்திட்டுத்தான் மேலே போவேன்.

ஊர் திரும்பியதும் டீன் செய்த வேலைகளைப் பாருங்கள். ஹன்ட்டின் அலமாரியில் இருந்த ஆவணங்களில் ஆபத்தானவற்றைத் தனியே பிரித்து எஃப்.பி.ஐ.யின் பொறுப்பு இயக்குநர் பாட்ரிக் கிரேயிடம் நேரடியாகக் கொடுத்தார். கிரே பின்னால் அவற்றை எரித்தே விட்டார். வெள்ளை மாளிகை ஊழியர்களை எஃப்.பி.ஐ. விசாரித்தபோது டீனும் பக்கத்தில் உட்கார்ந்தார். கைதானவர்கள் வாய் திறக்காமல் இருக்க, நிக்சனின் சொந்த வக்கீல் ஹெர்பர்ட் கால்ம்பாக் மூலமாகப் பணம் போக ஏற்பாடு செய்தார். ஜெப் மக்ரூடர் என்ற கமிட்டி அதிகாரி பொய்ச் சாட்சி சொல்லப் போகுமுன் அவருக்கு ஒத்திகை பார்க்க உதவினார். தன் பொறுப்பில் இருந்த தேர்தல் பணத்தில் இருந்து 4,850 டாலரைத் தேனிலவுச் செலவுக்கு எடுத்துக்கொண்டதைக்கூட பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். இந்த ஆள் அப்பாவி இல்லை. எபிசோடு முழுக்க இதை மனசுல வெச்சுக்கோங்க, ஏன்னா கதை போகப்போக அவர் மேல நமக்குப் பரிவு வந்துடும்.

1972 ஆகஸ்ட் 29. நிக்சன் பத்திரிகையாளர்களைச் சந்திக்கிறார். என் சட்ட ஆலோசகர் ஜான் டீன் முழு விசாரணை நடத்திவிட்டார், இப்போது வெள்ளை மாளிகையில் பணியில் இருக்கும் யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை என்கிறார். இதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் டீனும் ஒருவர். அப்படி ஒரு விசாரணை நடந்ததே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது! இல்லாத அறிக்கைக்கு அவர் பெயர் வைக்கப்பட்டாகிவிட்டது.

அப்போது அவருக்கு அது பெருமையாகத்தான் இருந்திருக்கும். அதிபர் டிவியில் பெயர் சொல்கிறார் என்றால் சும்மாவா. செப்டம்பர் 15 அன்று ஏழு பேர் மேல் மட்டும் குற்றச்சாட்டு பதிவானது. அந்த ஏழு பேரோடு வழக்கு நின்றுவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. அன்று மாலை நிக்சன் டீனைக் கூப்பிட்டு, அணையில் எங்கெங்கே கசிந்ததோ அங்கெல்லாம் விரலை வைத்து அடைத்துவிட்டாய் என்ற பொருளில் பாராட்டினார். நவம்பரில் நிக்சன் 50 மாநிலங்களில் 49-ல் ஜெயித்தார். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

முடியாமல் போனதற்கு முதல் காரணம் டீன் இல்லை, மெக்கார்ட். இவர்தான் இந்தக் கதையில் வரும் முதல் பலிகடா. பொதுவா இவரை ஒரு வரியில கடந்து போயிடறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு.

மெக்கார்டுக்கு விசுவாசம் என்றால் அது நிக்சன் மேல் இல்லை, சி.ஐ.ஏ. மேல். வாழ்க்கையில் பாதியை அங்கே கழித்தவர். பழியைத் தூக்கி சி.ஐ.ஏ. தலையில் போட்டுவிடலாம் என்ற பேச்சு 1972 கடைசியில் அவர் காதுக்கு வருகிறது. சி.ஐ.ஏ. இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸும் பதவியில் இருந்து நகர்த்தப்படுகிறார். டிசம்பரில் மெக்கார்ட் வெள்ளை மாளிகையோடு தொடர்புள்ள ஒரு பழைய நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார்: அந்தப் பழியைச் சுமத்தினால் காட்டில் ஒரு மரம் நிற்காது, எல்லாம் சாயும் என்ற தொனியில். பகிரங்கமான மிரட்டல்தான். வெள்ளை மாளிகை அதை சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை. பணம், பொதுமன்னிப்பு என்று ஆசை காட்டிப் பார்த்தார்கள். தன் அமைப்பின் பெயர் கெடுகிறதே என்று கோபத்தில் இருக்கிற ஆளிடம் பணத்தைக் காட்டினால் கோபம் இன்னும்தான் ஏறும்.

1973 ஜனவரியில் மெக்கார்டும் லிடியும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மற்ற ஐந்து பேர் ஏற்கெனவே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். நீதிபதி ஜான் சிரிகாவுக்கு இந்த விசாரணையிலேயே நம்பிக்கை இல்லை. யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகம். மார்ச் 23, தண்டனை அறிவிக்கும் நாள். சிரிகா ஒரு கடிதத்தை எடுத்து நீதிமன்றத்திலேயே படித்தார். மெக்கார்ட் எழுதியது. குற்றத்தை ஒப்புக்கொண்டு வாயை மூடும்படி அரசியல் அழுத்தம் வந்தது, விசாரணையில் பொய்ச் சாட்சி சொல்லப்பட்டது, இன்னும் பலர் இதில் இருக்கிறார்கள், இது சி.ஐ.ஏ. வேலை இல்லை. சுருக்கமாக இவ்வளவுதான். அதே நாளில் சிரிகா ஹன்ட்டுக்கு 35 வருஷம், மயாமியில் இருந்து வந்த நான்கு பேருக்கு 40 வருஷம் என்று தற்காலிகத் தண்டனை அறிவித்தார். 'பேசினால் குறைப்பேன்' என்பதுதான் அதன் பொருள். மெக்கார்டின் தண்டனையை மட்டும் தள்ளி வைத்தார். (இப்படி மிரட்டி வாக்குமூலம் வாங்கறது நியாயமான்னு சட்டம் படிச்சவங்க இன்னிக்கும் சண்டை போடறாங்க. எனக்கும் அதுல சங்கடம் உண்டு.)

இதற்கு இரண்டு நாள் முன்னால், மார்ச் 21 காலையில், டீன் நிக்சனைப் பார்க்கப் போனார். அதிபர் பதவிக்குள் ஒரு புற்றுநோய் இருக்கிறது, அது வளர்கிறது என்று ஆரம்பித்தார். வாட்டர்கேட் வரலாற்றிலேயே பிரபலமான உரையாடல் இதுதான். ஹன்ட் மேலும் 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர் கேட்கிறார், இப்படியே போனால் இரண்டு வருஷத்தில் 10 லட்சம் ஆகும் என்றார் டீன். அதிபர் அதிர்ச்சியடைந்து நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கலாம். அந்தப் பணத்தைத் திரட்டலாம், ரொக்கமாகவே கிடைக்கும் என்றார் நிக்சன். அன்றிரவே 75,000 டாலர் ஹன்ட்டின் வக்கீல் கைக்குப் போனது.

அந்தக் காலை வரைக்கும் டீன் தன்னை என்னவாக நினைத்துக்கொண்டிருந்தார்? தீயை அணைக்கிற ஆளாக. பைப் எங்கெங்கே போகிறது, எந்த வால்வ் யார் கையில் என்று முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதைத்தான் அதிபருக்கு வரைபடம் போட்டுக் காட்டினார். வரைபடத்தைக் கேட்டு முடித்தவர்களுக்கு வேறொரு விஷயம் புலப்பட்டது. எல்லாப் பைப்பும் டீன் மேசை வழியாகத்தான் போகிறது.

மெக்கார்ட் கடிதம் வெளியான அதே மார்ச் 23, டீனை கேம்ப் டேவிட் மலை மாளிகைக்குப் போகச் சொன்னார்கள். கொஞ்சம் ஓய்வெடு என்றார்கள். போன பிறகு வேலை வந்தது: வாட்டர்கேட் பற்றி ஒரு அறிக்கை எழுது. வெள்ளைத்தாள் வந்துவிட்டது!

அறிக்கையில் என்ன எழுதுவது? உண்மையை எழுதினால் ஹால்டெமன், எர்லிக்மன், மிட்செல் எல்லோரும் சிக்குவார்கள். அதை யாரும் கேட்கவில்லை. 'யாருக்கும் சம்பந்தம் இல்லை' என்று எழுதலாம். நாளைக்குப் பொய் வெளியே வந்தால் "எங்களுக்கு டீன் சொன்னது இதுதான், அவரை நம்பினோம்" என்று அதிபர் தாளைத் தூக்கிக் காட்டுவார். ஆகஸ்டில் இல்லாத அறிக்கைக்கு வைத்த பெயருக்கு, ஏழு மாசம் கழித்து அறிக்கை கேட்கிறார்கள். டீன் எழுத ஆரம்பித்து, நிறுத்தி, கடைசியில் கொடுக்கவே இல்லை. ஊருக்குத் திரும்பி கிரிமினல் வக்கீல் ஒருவரைப் பிடித்தார், சார்ல்ஸ் ஷாஃபர். ஏப்ரல் தொடக்கத்தில் அவருடைய வக்கீல்கள் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களோடு ரகசியமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

அந்த நாட்களில் டீன் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தார், யார் யார் மேல் வழக்கு வரலாம் என்று. சில பெயர்கள் பக்கத்தில் நட்சத்திரக் குறி. என்ன குறி என்று பின்னால் செனட் கமிட்டியில் கேட்டபோது, அவங்கெல்லாம் வக்கீல்கள் என்றார். இத்தனை வக்கீல்கள் எப்படி இதில் மாட்டினோம் என்று அவருக்கே ஆச்சரியம். வாட்டர்கேட்டுக்குப் பிறகுதான் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் தொழில் நெறி கட்டாயப் பாடமானது. நம்ம இன்ஜினியரிங் சிலபஸ்லயும் அப்படி ஒரு பேப்பர் இருந்துச்சு. பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிச்ச ஞாபகம்.

1973 ஏப்ரல் மாதம் முழுக்க கேம் தியரி வகுப்பு மாதிரி இருக்கும். ரெண்டு கைதிகளைத் தனித்தனி அறையில வெச்சு, "முதல்ல பேசறவனுக்குச் சலுகை"ன்னு சொல்ற அந்தப் புதிர் நினைவிருக்கா? இங்கே பத்துப் பன்னிரண்டு கைதிகள், எல்லோரும் ஒரே கட்டிடத்தில், காரிடாரில் ஒருத்தருக்கொருத்தர் குட்மார்னிங் சொல்லிக்கொண்டு. மக்ரூடர் ஓடிப்போய் அரசுத் தரப்பிடம் உண்மையைச் சொல்கிறார். எர்லிக்மன் மிட்செலைக் கூப்பிட்டு, நீங்களாக முன்வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்ளக் கூடாதா என்று தூண்டில் போடுகிறார். மிட்செல் சிக்கவில்லை. பெரிய ஆடு மறுத்துவிட்டது. அப்புறம் எல்லோரும் சின்ன ஆட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 15 இரவு நிக்சன் டீனைச் சந்திக்கிறார். அந்தச் சந்திப்பில் டீனுக்கு ஏதோ இடறியது. அதிபர் கேட்கிற கேள்விகள் யாரோ கேட்பதற்காகக் கேட்கிற மாதிரி இருந்தன. ஒரு கட்டத்தில் எழுந்து அறையின் மூலைக்குப் போய், ஹன்ட்டின் மன்னிப்பு விஷயத்தைப் பற்றி நான் பேசியது முட்டாள்தனம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஏன் மூலைக்குப் போகணும்? ஏன் குரலைத் தாழ்த்தணும்? இந்தச் சின்ன சந்தேகத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மறுநாள் காலை நிக்சன் இரண்டு கடிதங்களை நீட்டினார். ராஜினாமாக் கடிதங்கள், டைப் அடித்துத் தயாராக, டீன் கையெழுத்துக்காக. படித்துப் பார்த்தால் குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது. ஹால்டெமனும் எர்லிக்மனும் ராஜினாமா செய்கிறார்களா என்று கேட்டார் டீன். தெளிவான பதில் இல்லை. என் கடிதத்தை நானே எழுதிக்கொள்கிறேன் என்று எழுந்து வந்தார். ஏப்ரல் 17-ல் நிக்சன், உயர் பதவியில் இருக்கும் யாருக்கும் வழக்கில் இருந்து விலக்கு தரக் கூடாது என்று அறிவித்தார். கேட்பதற்கு நேர்மையாக இருக்கிறது. டீன் பேசுவதற்கு விலை கிடைக்காமல் செய்வதுதான் அதன் நடைமுறைப் பலன்.

ஏப்ரல் 19-ல் டீன், வெள்ளை மாளிகைப் பத்திரிகைத் துறையைக் கேட்காமலே, ஓர் அறிக்கை விட்டார். என்னைப் பலிகடா ஆக்கலாம் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு என்னையும் தெரியவில்லை, உண்மைகளும் தெரியவில்லை, நம் நீதி அமைப்பும் புரியவில்லை. இதுதான் சாரம். அடுத்த ஞாயிறு ஈஸ்டர். நிக்சன் டீனுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல்லி, நீ இன்னும் என் சட்ட ஆலோசகர்தான் என்றார். எட்டாம் நாள், ஏப்ரல் 30, டிவியில் தோன்றி ஹால்டெமன், எர்லிக்மன் ராஜினாமாவை அறிவித்தார். அவர்களைப் போன்ற சிறந்த அரசு ஊழியர்களைப் பார்ப்பது அரிது என்று உருக்கமாகப் பேசினார். டீனும் விலகிவிட்டார் என்று ஒரே வரி. அவ்வளவுதான்.

ரெண்டு பேருக்கு மாலை, ஒருத்தருக்கு ஒரு வரி. 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு'ன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க இல்லையா, டீனைத் தலைப்பாகையாக நினைத்தார்கள்.

தலைப்பாகை கொஞ்சம் முன்யோசனைக்காரர். சில ஆவணங்களை ஏற்கெனவே வங்கி லாக்கரில் வைத்திருந்தார். எதிர்ப்பாளர்களை வேவு பார்க்க வெள்ளை மாளிகை 1970-ல் தீட்டிய ஹஸ்டன் திட்டத்தின் நகலும் அதில் அடக்கம். மே மாதம் அந்த லாக்கரின் சாவியை நீதிபதி சிரிகாவிடம் ஒப்படைத்தார்.

ஜூன் 25-ல் செனட் கமிட்டி முன் உட்கார்ந்தார். வயது 34. வட்டக் கண்ணாடி, ஏற்ற இறக்கமே இல்லாத குரல், பின்னால் மனைவி மோரீன். 245 பக்க வாக்குமூலத்தை ஒரு நாள் முழுக்க வாசித்தார். நாடே டிவியில் பார்த்தது. நான் அந்த வீடியோவை 1.5 வேகத்துல ஓட்டியும் தூங்கிட்டேன், உண்மையைச் சொல்றேன். ஆனா அந்த சலிப்புத்தான் அவரோட பலம்னு தோணுது. நடிக்கிற மாதிரி ஒரு இடம்கூட இல்லை. தன் தப்புகளையும் அதே தட்டையான குரலில் சொல்லிக்கொண்டு போனார்.

வெள்ளை மாளிகையும் சும்மா இருக்கவில்லை. நிக்சனின் வக்கீல் ஃப்ரெட் பஸார்ட் தயாரித்த குறிப்பு ஒன்றை செனட்டர் டேனியல் இனோயே கமிட்டியில் வாசித்தார். மூடி மறைத்ததன் மூளை டீன்தான், அவருக்குப் பின்பலம் மிட்செல் என்று அதில் இருந்தது. ஒரு பக்கம் அமெரிக்க அதிபர், மறு பக்கம் வேலையில் இருந்து நீக்கப்பட்ட, தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு வக்கீல். யாரை நம்புவது? டீனிடம் இருந்தது ஞாபகம் மட்டும்தான்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி வருது. டீனைப் பொய்யர் என்று நிரூபிக்க பஸார்ட் கமிட்டியில் இருந்த குடியரசுக் கட்சி வக்கீல்களுக்கு இன்னொரு விவரம் கொடுத்திருந்தார். நிக்சனும் டீனும் எந்தெந்த நாளில் என்னென்ன பேசினார்கள் என்ற பட்டியல். அதில் சில இடங்களில் சொன்ன வார்த்தைகள் அப்படியே இருந்தன. ஜூலை 13-ல் கமிட்டி ஊழியர்கள் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டு என்ற முன்னாள் உதவியாளரைத் தனியாக விசாரித்தபோது, அந்தத் தாளைக் காட்டி, இவ்வளவு துல்லியமான விவரம் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டார்கள். அவர் பிடிகொடுக்காமல் பேசினார். கொஞ்ச நேரம் கழித்து டொனால்ட் சாண்டர்ஸ் என்ற வக்கீல், மூலைக்குப் போய் குரல் தாழ்த்திய அந்தச் சம்பவத்தைக் கொண்டுவந்தார். உரையாடல் பதிவாகியிருக்குமோ என்று டீன் சந்தேகப்பட்டாரே, அதற்கு ஏதாவது அடிப்படை உண்டா? பட்டர்ஃபீல்டு பொய் சொல்லத் தயாராக இல்லை. ஆமாம், எல்லாம் பதிவாகிறது என்றார். மூன்று நாள் கழித்து டிவி கேமராக்களுக்கு முன்னாலும் அதையே சொன்னார்.

1971-ல் இருந்து அதிபரின் அறையில் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. லாக் ஃபைல்! புரொடக்ஷன்ல லாக்கிங் ஆன் ஆகி இருக்கு, அது டெவலப்பருக்குத் தெரியாது, மேனேஜருக்குத் தெரியும், அப்படியும் மேனேஜர் தாறுமாறாப் பேசியிருக்கார். பலிகடாவை வெட்டத் தீட்டிய கத்தியே லாக் ஃபைல் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் அந்த டேப்புகளுக்கான சண்டை. 1974 ஜூலை 24-ல் உச்ச நீதிமன்றம் 8-0 என்று நிக்சனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 9-ல் நிக்சன் பதவி விலகினார்.

டேப்புகள் வந்ததும் டீனின் ஞாபகத்தையும் சரிபார்க்க முடிந்தது. உளவியலாளர் உல்ரிக் நைஸர் 1981-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். டீன் சொன்னதையும் டேப்பில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். செப்டம்பர் 15 சந்திப்பில் நிக்சன் சொன்னதாக டீன் சொன்ன பல வாக்கியங்கள் டேப்பில் இல்லவே இல்லை. மார்ச் 21-ல் பேசிய 10 லட்சம் டாலர் விஷயத்தை மார்ச் 13-ல் நடந்ததாகச் சொல்லியிருந்தார். நடந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தன்னை மையத்தில் வைத்திருந்தார். வரிக்கு வரி பார்த்தால் டீன் நிறையத் தப்பு. ஆனால் மூடி மறைத்தார்கள், அதிபருக்குத் தெரியும், பணம் கொடுத்தார்கள் என்ற சாரத்தில் தப்பே இல்லை. பலிகடாவின் சாட்சியத்தை எப்படிப் படிக்கணும்னு யாராவது கேட்டா நான் இந்த ஆய்வைத்தான் காட்டுவேன். தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் பொய்யர் என்று தள்ளிவிடுவோம், வார்த்தைக்கு வார்த்தை நம்பினாலும் ஏமாறுவோம்.

கேள்வி கேட்ட நண்பருக்கு வர்றேன். ஏன் சிலர் திரும்புகிறார்கள், சிலர் திரும்புவதில்லை? அதே வழக்கில் லிடி கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. நாலு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார், வாட்டர்கேட் ஆட்களிலேயே அதிக காலம் அவர்தான். மிட்செலும் நிக்சனுக்கு எதிராகப் பேசவில்லை. 19 மாசம் உள்ளே இருந்தார், சிறைக்குப் போன முதல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் என்ற பெயரோடு. லிடி மௌனத்தையே வீரமாக நினைத்தவர். மிட்செல் பேசினால் தன்னையும் சேர்த்துத்தான் கவிழ்க்க வேண்டும். மெக்கார்டுக்கு நிக்சனைவிடப் பெரிய விசுவாசம் வேறு ஒன்று இருந்தது. டீனுக்கு அப்படி எதுவும் இல்லை. வயது 34, முன்னால் நீண்ட வாழ்க்கை, மாட்டினால் தான்தான் என்ற தெளிவு, விற்பதற்கு கையில் சரக்கு. பயந்தவர் பேசினார். அந்தப் பயத்தால் ஒரு நாட்டுக்கு நன்மை நடந்தது, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா மார்ச் 21-க்கு முன்னால், பணம் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் எந்த நீதிபதியின் கதவையும் தட்டவில்லை. ரெண்டும் உண்மை.

டீனும் தப்பவில்லை. செனட் கமிட்டி கொடுத்த விலக்கின்படி, அங்கே சொன்னதை வைத்து அவர் மேல் வழக்குப் போட முடியாது. வேறு வழியில் கிடைத்த ஆதாரத்தை வைத்துப் போடலாம். 1973 அக்டோபரில் நீதியைத் தடுக்கச் சதி செய்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிரிகா ஒன்றிலிருந்து நான்கு வருஷம் என்று தண்டனை கொடுத்தார். ஹால்டெமன், எர்லிக்மன், மிட்செல் மூவருக்கும் எதிராகச் சாட்சி சொல்லி, அவர்கள் 1975 புத்தாண்டு அன்று குற்றவாளிகள் என்று தீர்ப்பான ஒரே வாரத்தில், நான்கு மாசக் காவலோடு விடுதலையானார்.

என் கதையை முடிக்கிறேன்னு சொன்னேன் இல்லையா. அந்த சாட் ஸ்கிரீன்ஷாட் என்கிட்ட இருந்துச்சு. "பரவால்ல, போ". கிளையன்ட் காலில் என் பெயர் வந்தபோது மைக்கை அன்மியூட் பண்ண விரல் போனது. பண்ணவில்லை. அப்ரைசல் பக்கத்துல இருந்தது, வீட்டுக்கு லோன் போட்டிருந்தோம். எட்டு மாசம் கழிச்சு வேற வேலை கிடைச்சதும் கிளம்பிட்டேன். கிளம்பறதுக்கு முந்தின வாரம், டீமில் புதுசா சேர்ந்த ஒரு பையன்கிட்ட ஆர்.சி.ஏ. எழுதச் சொல்லியிருந்தாங்க. சந்தோஷமா வந்து என்கிட்ட ஃபார்மட் கேட்டான். ஃபார்மட்டை அனுப்பினேன். "அனுப்பறதுக்கு முன்னாடி உனக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோ"ன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு கேட்டான். கால் இருக்கு, அப்புறம் சொல்றேன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன்.

அப்புறம் சொல்லலை. தம்பி, இதைக் கேட்டுட்டு இருந்தீன்னா, காரணம் இதுதான்.

அடுத்த எபிசோடில் பட்டர்ஃபீல்டு பற்றித் தனியாகப் பேசலாம்னு இருக்கேன். யாருக்கும் பலிகடா ஆகாமல், யாரையும் காப்பாற்றவும் முயலாமல், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்ன ஆள். வாய்ஸ் நோட் அனுப்புங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள இருக்கட்டும்.